குளியலறை ஹீட்டரிலிருந்து எர்த் குழி வரை: வீட்டு மின்சாதனங்களின் ஒயரிங்கைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பம்மலில் ஒரு பழைய வீடு. வாங்க இருந்தவர் முன்பணம் கொடுத்துவிட்டார். பத்திரப் பதிவுக்கு முன்னால் மின் இணைப்புகளை ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்துப் போயிருந்தார். சமையலறையில் புதுக் கிரானைட், கூடத்தில் பளபளக்கும் டைல்ஸ், சுவரெங்கும் புதுப் பெயின்ட் வாடை. குளியலறை வாசலில் ஹீட்டருக்கான பிளக் பாயிண்ட்டின் மூடியைக் கழற்றினேன். சுவருக்குள்ளிருந்து மூன்று ஒயர்கள் வந்திருந்தன. சிவப்பும் கறுப்பும் அதனதன் முனையில் ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தன. பச்சை ஒயர் மட்டும் இரண்டு அங்குலத்தில் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றி, பெட்டியின் மூலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இத்தனை வருடமாக இந்த ஹீட்டர் தண்ணீரில்தான் குளிக்கிறோம் தம்பி, ஒரு சின்ன ஷாக் கூட அடித்ததில்லை" என்றார் வீட்டின் உரிமையாளர். அவர் சொன்னது உண்மைதான். ஹீட்டர் நல்ல நிலையில் இருக்கும்வரை பச்சை ஒயருக்கு வேலையே கிடையாது. உள்ளே இருக்கும் காயிலின் உறை உப்பேறி விரிசல் விடும் அந்த ஒரு நாளில்தான் அதற்கு வேலை வருகிறது. அன்று அது இல்லையென்றால், மின்சாரம் தரைக்குப் போகும் வழி குளித்துக்கொண்டிருப்பவரின் உடம்புதான்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆகவே எல்லாம் சரி என்று முடிவு செய்வதுதான் வீடு பார்க்கப் போகும் பெரும்பாலானோர் செய்யும் தவறு. மின்சாரத்தைக் கொண்டுவரும் சிவப்பும் (ஃபேஸ்), அதைத் திரும்ப எடுத்துச் செல்லும் கறுப்பும் (நியூட்ரல்) இருந்தாலே விளக்கு எரிந்துவிடும். உயிரைக் காப்பது மூன்றாவது ஒயர்; கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் அதுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பச்சை ஒயரின் பின்னாலேயே போகும். வீடு வாங்குபவர்கள், வாடகைக்குக் குடிபோகிறவர்கள், பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். ஒரு மாலை நேரம் போதும்.

தொடங்கும் முன்

ஒரு டெஸ்டர், ஒரு டார்ச் விளக்கு, மூன்று சிறு விளக்குகள் கொண்ட மூன்று பின் சாக்கெட் டெஸ்டர், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை உங்களுக்குப் போதும். மல்டிமீட்டரைப் பயன்படுத்தத் தெரிந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு இருக்கட்டும். ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள்.

ஒரு எல்லையை இப்போதே வகுத்துக்கொள்வோம். கண்ணால் பார்ப்பது, மூக்கால் முகர்வது, சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பார்ப்பது, பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஆகியவை நீங்கள் செய்ய வேண்டியவை. மூடியைக் கழற்றுவது, ஒயரைத் தொடுவது, எர்த் குழியை அளப்பது ஆகியவை உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்ய வேண்டியவை. இன்னொன்று: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை அணைத்த பிறகும் பாதி ஒயர்களில் 230 வோல்ட் இருக்கும். மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைத்து ஷாக் வாங்கியவர்களில் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களும் உண்டு. மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகுதான் எந்த மூடியையும் திறக்க வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருக்கும் வேறொரு பாயிண்ட்டில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: மீட்டர் முன் ஐந்து நிமிடம்

மீட்டரின் சீலைத் தொடாதீர்கள், அது மின்வாரியத்துடையது. பார்த்தால் மட்டும் போதும். வீட்டில் எல்லாப் பிளக்குகளையும் உருவிவிட்டு, எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் போட்டு வைத்து, மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்திருக்க வேண்டும். எதுவும் ஓடாத வீட்டில் அந்த விளக்கு சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தால், மின்சாரம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது மறந்துபோன ஒரு காலிங் பெல்லாகவும் இருக்கலாம். ஈரச் சுவருக்குள் கசியும் ஒயராகவும் இருக்கலாம். எது என்று தெரியும்வரை நோட்டில் அதைத் தீராத கேள்வியாக எழுதி வையுங்கள்.

மீட்டருக்குப் பக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் இருந்தால் அதன் கம்பியைக் கவனியுங்கள். வெள்ளீயம் பூசிய மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக, ஒயரை உரித்தெடுத்த செம்பு இழைகளை இரண்டு மூன்றாக முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாரோ சலித்துச் செய்த வேலை அது. அதற்குப் பிறகு ஃபியூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் உருகும்.

1980-களுக்கு முந்தைய வீடுகளில் சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என இரட்டை ஃபியூஸ் இருப்பதை இன்னும் பார்க்கிறேன். நியூட்ரல் ஒயரில் ஃபியூஸ் இருக்கவே கூடாது. அந்த நியூட்ரல் ஃபியூஸ் போய்விட்டால் வீடு இருண்டுவிடும், சாதனங்கள் செத்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் ஃபேஸ் ஒயரில் 230 வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் விரலை வைப்பவருக்கு அது எமன்.

இரண்டாம் படி: டி.பி. பெட்டி

ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் தானாகவே 'விழுந்து' இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சுகள்தான் எம்.சி.பி.கள்; அவை இருக்கும் பெட்டிதான் டி.பி. இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். முதலில் காதைக் கொடுங்கள்; 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோ படபடப்போ கேட்டால் உள்ளே ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. அடுத்து முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் கருகும் வாடையைப் பலர் மீன் வாடை என்று நினைத்துச் சமையலறையில் தேடுவார்கள். பிறகு மூடியின் மேற்பரப்பைப் பாருங்கள். பழுப்பேறிய இடம் வெப்பம் ஏறிய இடம்.

இப்போது எம்.சி.பி.யின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். சி10, சி16, சி32 என்று இருக்கும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். நிலைமை அதற்கு நேர் எதிர். எம்.சி.பி. காப்பது சாதனத்தை அன்று, சுவருக்குள் இருக்கும் ஒயரை. 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4 சதுர மி.மீ. ஒயருக்கு 20 அல்லது 25 என்பது பாதுகாப்பான கணக்கு. 16 அடிக்கடி விழுகிறது என்று 32-ஐ மாட்டிவிட்டு, ஒயர் பழைய 2.5-ஆகவே இருந்தால், அந்த ஒயர் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கும், எம்.சி.பி. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். செம்பு ஒயரா அலுமினியமா என்பதையும் ஒயர்மேனிடம் கேளுங்கள். பழைய அலுமினிய ஒயரோடு செம்பு ஒயரை நேரடியாக முறுக்கிச் சேர்த்திருந்தால், அந்த மூட்டு அரித்து, தளர்ந்து, சூடாகும். அப்படிப்பட்ட வீட்டில் ஏசியோ இண்டக்‌ஷன் அடுப்போ பொருத்துவதற்கு முன் ஒயரை மாற்றியாக வேண்டும்.

அடுத்து, 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் கொண்ட கருவி இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஆர்.சி.சி.பி. ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். வீட்டுக்கானது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழ வேண்டும். கருவியின் மேலே '30 எம்.ஏ.' என்று அச்சிடப்பட்டிருக்கும். 100 அல்லது 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க உதவலாம், ஆளைக் காப்பாற்றாது. சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். 30-ஐத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் அந்த எண். தமிழ்நாட்டில் புதிய இணைப்புகளுக்கு இந்தப் பாதுகாப்புக் கருவி கட்டாயம் என்ற விதி வந்துவிட்டது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது.

இருந்தால், மின்சாரம் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்துங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லையென்றால் கருவி செத்துவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை வீடு கழுவும் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கே இதையும் அழுத்திப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே நான் மிகவும் வருந்தும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி. பெட்டியில் இருக்கும், ஆனால் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நேரடியாக ஒயர் போட்டு அதைத் தாண்டிவிட்டிருப்பார்கள். காரணம் கேட்டால், "அடிக்கடி ட்ரிப் ஆகிறது சார், தொல்லையாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன்தான் இப்படிச் செய்து கொடுத்தார்" என்பார்கள். எப்போதெல்லாம் விழுந்தது என்று கேட்டால் பதில் வரும்: ஹீட்டர் போடும்போது, மழைக்காலத்தில், கிரைண்டர் ஓடும்போது. அந்தக் கருவி தொல்லை கொடுக்கவில்லை. இந்த ஹீட்டர் கசிகிறது, இந்தச் சுவர் ஈரமாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தது. சில வீடுகளில் இன்வெர்ட்டரின் நியூட்ரலும் மின்வாரிய நியூட்ரலும் தவறாகக் கலந்திருப்பதால் விழும். அதையும் பிரித்துச் சரிசெய்ய முடியும். ஒரு நல்ல ஒயர்மேனுக்கு அது அரைநாள் வேலை.

மூன்றாம் படி: பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றாக

சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த்; கீழே வலது கைப் பக்கம் ஃபேஸ்; இடது பக்கம் நியூட்ரல். பிளக்கில் எர்த் பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது பாதுகாப்பு முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். மூன்று பின் சாதனத்தை இரண்டு பின் சாக்கெட்டில் நுழைக்க எர்த் பின்னை உடைத்தெடுக்கும் வழக்கத்தை இன்றும் பார்க்கிறோம். அப்படி உடைத்த பிளக் கண்ணில் பட்டால் அந்தச் சாதனத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் மூன்று விளக்குகளின் வரிசையைக் கொண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா, எர்த் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு பாயிண்ட்டின் முடிவையும் நோட்டில் எழுதுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சாதனம் ஓடும். ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் அதன் உள்ளே 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் மூன்று அளவுகளை எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி, ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இவை வந்தால் நல்லது. ஆனால் இதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். இரண்டு பொய்கள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, பலவீனமான எர்த். மல்டிமீட்டர் மிகமிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால், துருப்பிடித்து நூலிழையில் தொங்கும் எர்த்தும் அதன் கண்ணுக்கு நல்ல எர்த்தாகத் தெரியும். ஒரு வீட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 228 வோல்ட் காட்டியது. அதே இரண்டு முனைகளில் 100 வாட் குண்டு பல்பை ஒயர்மேன் இணைத்தபோது இழை செந்நிறம் கூட ஆகவில்லை. மீட்டருக்குக் கிடைத்த மின்னோட்டம் பல்புக்குக் கிடைக்கவில்லை. நாளை ஹீட்டர் கசிந்தால் அதற்கும் கிடைத்திருக்காது. ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இந்தப் பல்புச் சோதனையைச் செய்தால் அது உடனே விழும். விழுவது நல்ல அறிகுறி.

இரண்டாவது பொய் இதைவிடக் கொடியது. எர்த் ஒயரே இல்லாத வீட்டில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். சாக்கெட் டெஸ்டர் எல்லாம் சரி என்று காட்டும். மீட்டரில் நியூட்ரல்–எர்த் துல்லியமாகப் பூஜ்யம் வரும். வீட்டு உரிமையாளருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஒருநாள் நியூட்ரல் ஒயர் எங்காவது விட்டுப்போகிறது. அந்த நொடியில், சாக்கெட்டில் செருகியிருக்கும் ஃபிரிட்ஜின் வெளித்தகடு முழுவதும் அந்தத் துண்டு ஒயர் வழியாக 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். எந்தப் பழுதும் இல்லாத ஃபிரிட்ஜ், கதவைத் திறக்க வரும் குழந்தையை அடிக்கும். ஆகவே, சாக்கெட்டில் ஓடும் சாதனம் இருந்தும் நியூட்ரல்–எர்த் அளவு சற்றும் அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் சந்தேகப்படுங்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் முழுதாக அணைத்து, நியூட்ரலையும் துண்டித்து, எல்லாப் பிளக்கையும் உருவிய பின் அந்த இரண்டு துளைகளுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று ஒயர்மேன் பார்க்க வேண்டும். இருக்கக் கூடாது.

சாக்கெட்டின் அளவுக்கு வருவோம். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 2000 வாட் ஹீட்டர் 8.7, 3000 வாட் உடனடி ஹீட்டர் 13, 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3. கடைகளில் கிடைக்கும் மாற்று பிளக்கால் 16 ஆம்பியர் பின்னைச் சிறிய 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகிவிடலாம். ஆனால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர் பெரிதாகிவிடாது. சமையலறை மேடையில் இப்படி ஒரு மாற்று பிளக்கைக் கண்டால் உருவிப் பாருங்கள். சாக்கெட்டின் துளை ஓரம் பழுப்பாக, பிளாஸ்டிக் இளகிச் சுருங்கியிருக்கும். அங்கே இண்டக்‌ஷன் அடுப்பு ஓடியிருக்கிறது என்று அந்தத் தழும்பே சொல்லிவிடும்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தால் இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் ஒயர் இழுத்திருந்த எத்தனையோ சிறு வீடுகளுக்குள் ஒரே நாளில் மூன்று சாதனங்கள் வந்து சேர்ந்தன. அரைத்து அரைத்துத் தேய்ந்த கைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பல வீடுகளில் ஒயரிங் பழையபடியே நின்றுவிட்டது. எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் நிரந்தரப் பாயிண்ட் ஆனது. எக்ஸ்டென்ஷன் பெட்டி தற்காலிகத்துக்கு மட்டும். அதில் ஹீட்டர், இஸ்திரி, அடுப்பு எதுவும் கூடாது.

நான்காம் படி: சாதனங்கள்

குளியலறை ஹீட்டரை முதலில் பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு காயிலின் மேல் படிந்து, அது சூட்டை வெளியேற்ற முடியாமல் உறை வெடிக்கிறது. அதன் பாயிண்ட்டில் 16 ஆம்பியர் சாக்கெட், இரு ஒயரையும் துண்டிக்கும் இரட்டை ஸ்விட்ச், டி.பி.யிலிருந்து தனி ஒயர், தொடர்பு அறுபடாத எர்த் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஸ்விட்ச் ஷவரின் தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. குழாயைத் தொட்டால் மெலிதாகச் சுர்ரென்றால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். அப்படி அடிக்காத ஹீட்டராக இருந்தாலும், சோதனை முடியும்வரை, தண்ணீரைச் சூடாக்கி, அணைத்து, பிறகு குளிக்கும் பழக்கத்துக்கு வாருங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம்தான் அதன் பலி எண்ணிக்கைக்குக் காரணம். பிளக்கை உருவிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

வெட் கிரைண்டரில் எப்போதும் ஈரம் உண்டு, ஈரக் கை உண்டு, ஈரத் தரையும் உண்டு. சாய்த்துக் கழுவும்போது மோட்டார் பக்கம் தண்ணீர் இறங்கும். அதன் அடியைத் திருப்பி, ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை மெல்ல அறுத்துக்கொண்டிருக்கும். அம்மா, பாட்டி யாராவது "கிரைண்டரைத் தொட்டால் லேசாகக் கடிக்கும், செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது" என்று சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களாகப் புகாராகச் சொல்ல மாட்டார்கள். மிக்சியில் இரண்டு பின் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி அதன் அடியில் இருக்கிறதா பாருங்கள். அது இரட்டைக் காப்பு உள்ளது. அதற்கு எர்த் தேவையில்லை.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டையும் சுவரிலிருந்து இழுத்துப் பின்புறம் டார்ச் அடியுங்கள். எலி கடித்த ஒயர் அங்கேதான் இருக்கும். இஸ்திரிப் பெட்டியில் ஒயர் உள்ளே நுழையும் கழுத்துப் பகுதியை வளைத்துப் பாருங்கள். நூல் உறை பிரிந்திருந்தால் ஒயரை மாற்ற வேண்டும், டேப் சுற்றக் கூடாது. ஏசிக்கு டி.பி.யிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி.; மாடியில் இருக்கும் வெளி யூனிட்டின் தகட்டுக்கும் எர்த் வேண்டும்.

ஐந்தாம் படி: குழி

பச்சை ஒயர் கடைசியில் போய்ச் சேரும் இடம் வீட்டுக்கு வெளியே ஒரு சிறு சிமென்ட் தொட்டி. உள்ளே தரையில் இறங்கிய இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும். "எர்த் குழி எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பாதி வீடுகளில் பதில் வராது. போர்டிகோவுக்கு டைல்ஸ் போடும்போது மூடியிருப்பார்கள். பம்மல் வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. குழாயோடு சேரும் இரும்புக் கம்பியை ஒயர்மேன் லேசாக இழுத்தார். துருப்பொடியாகக் கையோடு வந்துவிட்டது.

எர்த் குழி ஏன் நன்றாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கோடு பாருங்கள். குழியின் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் ஃபேஸ் அதன் உடலைத் தொட்டுவிட்டால் 230-ஐ 5-ஆல் வகுக்க 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துவிடும். அதே குழி காய்ந்து, கம்பி துருப்பிடித்து 50 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 4.6 ஆம்பியர்தான். எம்.சி.பி.க்கு அது ஒரு இஸ்திரிப் பெட்டியின் சுமை. விழாது. ஹீட்டரின் உடல் நாள் முழுக்க மின்சாரத்தோடு நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தாலோ, தடை 1000 ஓம் ஆனால்கூட 230 மில்லி ஆம்பியர் பாயும்; அது கண நேரத்தில் துண்டித்துவிடும்.

அப்படியானால் ஆர்.சி.சி.பி. மட்டும் போதாதா? எர்த்தே இல்லாத வீட்டில் கசியும் ஹீட்டரை யாராவது தொடும்வரை மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. தொட்ட பிறகே அது விழும். ஷாக் அடித்த பிறகுதான் காப்பாற்றும். எர்த்தும் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கைகளால் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால் ஆர்.சி.சி.பி. அதை ஒரு சாதாரண சாதனம் என்றே நினைக்கும். அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது.

குழியை எர்த் டெஸ்டர் என்ற கருவியால்தான் அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் அளப்பதுதான் சரியான சோதனை. கார்த்திகை மழையில் எந்தக் குழியும் நல்ல குழியாகத் தெரியும். அதே ஆளிடம் 500 வோல்ட் மெக்கர் என்ற கருவியால் சுவர் ஒயர்களின் காப்பையும் (மேலுறை கசியாமல் இருக்கிறதா என்பதை) அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த ஒயரை நம்ப முடியாது. அளப்பதற்கு முன் சாதனங்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

ஆறாம் படி: வெளியே ஒரு சுற்று

துணி காயப்போடும் கொடியை மறந்துவிடாதீர்கள். இரும்புக் கம்பிக் கொடியின் ஒரு முனையை, மின்கம்பத்திலிருந்து வீட்டுக்குச் சர்வீஸ் ஒயர் வரும் இரும்புக் குழாயில் கட்டியிருப்பார்கள். சர்வீஸ் ஒயரின் தோல் வெயிலில் வெடித்து, மழையில் குழாய்க்கு மின்சாரம் இறங்கினால், ஈரத் துணியோடு கொடியைத் தொடுபவருக்குத் தப்பிக்க வழியில்லை. மழைக்காலம்தோறும் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இந்தச் செய்தி வருகிறது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்தார் என்பதோடு வருகிறது. கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. தண்ணீர் மோட்டாரின் உடலுக்கும் அதன் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் எர்த் போகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். சர்வீஸ் ஒயரே பழுதாக இருந்தால் நீங்கள் தொடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் சொல்லுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் வெறுங்கையால் இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், அதற்கு வழியில்லையென்றால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துக்கொண்டே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: எதை முதலில் சரிசெய்வது

நோட்டைப் பிரித்து உட்காருங்கள். அன்றே செய்ய வேண்டியவை: சுர்ரென்று அடிக்கும் சாதனத்தை நிறுத்துவது, கொடிக் கம்பியை அவிழ்ப்பது, கருகிய சாக்கெட்டை மூடுவது. அந்த வாரத்துக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அதன் பிறகு எர்த் குழி, சாக்கெட்டுகளின் பச்சை ஒயர், ஒயருக்குப் பொருந்தாத எம்.சி.பி.கள். முழு ஒயரிங்கை மாற்றுவது கடைசி. பணம் சேர்த்துச் செய்யலாம். வாடகை வீடாக இருந்தால் படங்களோடு உரிமையாளருக்கு எழுதிக் கொடுங்கள். வாங்கும் வீடாக இருந்தால் விலை பேசும்போது இந்தப் பட்டியல் மேசை மேல் இருக்கட்டும்.

பம்மல் வீட்டில் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, புதிதாக வந்தவரே குழி தோண்டினார். புதுக் குழாய் இறக்கி, செம்புப் பட்டையால் இணைத்து, ஹீட்டர் பெட்டிக்குள் மடிந்து கிடந்த பச்சை ஒயரை நீட்டி அதன் முனையில் சேர்த்தார்கள். சுவிட்சைப் போட்டதும் புதிதாக மாட்டிய ஆர்.சி.சி.பி. 'டக்' என்று விழுந்தது. மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது. ஒரு சின்ன ஷாக் கூட அடித்ததில்லை என்று சொல்லப்பட்ட அந்த ஹீட்டரை ஒயர்மேன் இறக்கித் திறந்தார். காயிலின் வளைவில், உப்புப் படிவத்துக்கு அடியில், நகக்கீறல் போல ஒரு விரிசல் இருந்தது.